கட்டை சீவியவர்களுக்கு நன்றி

1970 கரும்பு வெட்டு இன்னும் பாதியில் நிற்கிறது. குறியாக வைத்த ஒரு கோடி டன் சர்க்கரையை எட்டுமா என்பதும் தெரியாது. ஆனாலும் கரும்பு வெட்ட வந்த அமெரிக்கத் தொண்டர் குழுவான வென்செரேமோஸ் பிரிகேட்டின் முதல் அணி கியூபாவை விட்டுக் கிளம்பும் இந்த நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

1969 ஜனவரியில் புரட்சியின் 10ஆம் ஆண்டு விழாவுக்கு ஹவானா வந்த அமெரிக்க மாணவர்களிடம் முளைத்த யோசனை இது. தங்கள் அரசு சர்க்கரை வாங்க மறுத்த நாட்டுக்குக் கரும்பு வெட்டித் தருகிறோம் என்றார்கள். கியூபா செல்ல அமெரிக்காவின் பயணத் தடை இருந்ததால், விமான நிலையத்தில் அதிகாரிகள் தங்களைப் போட்டோ எடுப்பார்கள் என்று தெரிந்தே, மெக்சிகோ சிட்டி வழியாக 216 பேர் வந்து இறங்கினார்கள்.

அவர்களில் சிலர் வரிசை முடிந்ததும், யாரும் ஏவாமல், திரும்பிக் குனிந்து வந்து கட்டை சீவினார்கள்; அதாவது, வெட்டியபின் உயரமாக நின்ற அடிக்கட்டையை மண்மட்டத்துக்கு வெட்டினார்கள். முதல் நன்றி அவர்களுக்குத்தான்.

கரும்பு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இனிப்பு அடிக்கணுவில்தான் அதிகம். புதிதாக வெட்டுகிறவர் முதுகுக்குப் பயந்து நாலு விரல் உயரம் விட்டு வெட்டுவார். நல்ல சர்க்கரை வயலிலேயே நின்றுவிடும். அதே கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்து வரும் பயிரான மறுதாம்புக்கு அது இன்னும் கேடு. உயரமான கட்டையின் மேல்கணுவில் வெடிக்கும் துளிருக்கு வேர் ஆழமாக இறங்காது, காற்றடித்தால் சாய்ந்துவிடும். மழுங்கிய கத்தி கட்டையைப் பிளந்துவிட்டால் அந்தப் பிளவு வழியே அழுகலும் ஏறும். ஆகவே தீட்டிய கத்தியால் மண்மட்டத்தில் ஒரே வெட்டு. அதுவும் அறுவடை முடிந்த சில நாட்களுக்குள். தள்ளிப்போட்டால் கட்டையோடு துளிரும் போகும்.

இத்தனைக்கும் இந்த வேலைக்குக் கணக்கில் இடமில்லை. இங்கே எடை அளவு அரோபா; 11.5 கிலோ ஓர் அரோபா என்று வண்டி ஏறும் கரும்பை மட்டுமே நிறுக்கிறோம். மண்ணோடு மண்ணாகச் சீவியதை எந்தத் தராசில் வைப்பது?

கரும்பின் நுனிப் பகுதியான கொழுந்தாடையைச் சரியான கணுவில் கழித்தவர்கள், வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்கச் சர்க்கரை கெடும் என்று இருட்டிய பிறகும் வண்டி ஏற்றியவர்கள், அரம் பிடித்துக் கத்தி தீட்டியவர்கள், அடுப்படியில் வெந்தவர்கள், மருந்து போட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நன்றி.

இரண்டாம் அணி வருகிறது. இனி ஒவ்வொரு குழுவிலும் கட்டை சீவ இரண்டு பேர் தனியாக இருப்பார்கள். அரோபா எழுதும் பலகையில் அவர்கள் பெயரும் ஏறும்.