எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணியில் சேர்ந்து, இடது ஓரத்து டிஃபெண்டராக ஆடுகிறாள் என்பதைப் படித்து மனம் நிறைந்தது. அதே கடிதத்தில், முதல் ஆட்டத்தன்றே எதிரணிப் பெற்றோர் ஒருவர் நடுவரைப் பார்த்துக் கத்தியதையும், உங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் பதிலுக்குக் குரல் உயர்த்தியதையும், நீயும் உன்னை அறியாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டதையும் எழுதி, இதெல்லாம் வழக்கம்தானா என்று கேட்டிருந்தாய். வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை என் மகனின் ஆட்டத்திலிருந்து நான் தெரிந்துகொண்ட விதத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அவன் வலது ஓரத்தில் ஆடுகிறவன். பெற்றோர் எல்லோரும் மைதானத்தின் ஒரே பக்கத்தில் நிற்பதால், ஒரு பாதியில் அவன் எங்களுக்கு மிக அருகே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் ஓடுவான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது மறு ஓரத்துக்குப் போய்விடுவான். இதைக் கவனிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின: எங்கள் அருகே ஆடும்போது பந்து காலுக்கு வந்த உடனே அதை யாருக்காவது தள்ளிவிட்டு, ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பான். மறு ஓரத்திலோ பந்தை நிறுத்துவான், எதிரே நிற்பவனை ஏமாற்றிக் கடந்துபோகப் பார்ப்பான், பறிகொடுத்தால் துரத்திச் சென்று மீட்பான். பையன் ஒருவன்தான், ஆட்டமும் ஒன்றுதான். இடையில் மாறியது எங்கள் குரல் எட்டும் தூரம் மட்டுமே.

அவன் இடத்தில் நின்று யோசித்துப் பார். பயிற்சியாளர் "பாஸ் கொடு" என்கிறார், நான் "அடி" என்கிறேன், பின்னாலிருந்து இன்னொருவர் "திரும்பு, திரும்பு" என்கிறார். அந்த வயதில் பந்து காலில் இருக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்ப்பதே பெரும்பாடு. கோட்டுக்கு வெளியே நிற்கும் நமக்கு மைதானம் முழுவதும் தெரிகிறது. அவனுக்குத் தெரிவது எதிரே நெருங்கி வரும் கால்கள்தான். நாம் கத்தி, அது அவன் காதில் விழுந்து, அவன் அதைப் புரிந்துகொள்வதற்குள் நாம் கண்ட இடைவெளி மூடிப்போயிருக்கும். பார்ப்பது, முடிவெடுப்பது, செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் கால்பந்து. முதல் இரண்டையும் நாம் பிடுங்கிக்கொண்டு மூன்றாவதை மட்டும் அவனுக்கு விடுகிறோம்.

நடுவரைப் பற்றியும் கேட்டிருந்தாய். சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில் ஓரக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை எதிரணி த்ரோ-இன்னாகக் கையால் உள்ளே எறிந்தபோது, அவர்களில் ஒருவன் நம் கோலருகே தனியாக நின்று பந்தை வாங்கினான். தடுக்கும் அணியினரைத் தாண்டி கோலருகே முன்கூட்டியே நின்று பந்தை வாங்கும் தவறுக்குத்தான் ஆஃப்சைடு என்று பெயர். "ஆஃப்சைடு!" என்று முதலில் கத்தியவன் நான், என்னைத் தொடர்ந்து பத்துப் பேர் கத்தினார்கள். நடுவராக இருந்தது பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மாணவன். அவன் விசிலை உதட்டருகே கொண்டுபோய் ஊதாமல் இறக்கிவிட்டு, தலைகுனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றான். வீட்டுக்கு வந்து விதி நூலை எடுத்துப் பார்த்தேன். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் இந்த மூன்றிலிருந்தும் பந்தை நேரடியாகப் பெறுபவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்று பதினொன்றாம் விதி தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பையன் விசில் ஊதாமல் விட்டதுதான் சரி. அடுத்த வாரம் அவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். இத்தகைய வசவுகளால் நடுவர்கள் விலகிப்போகிறார்கள் என்ற கவலையில்தான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-இல் 'ரெஸ்பெக்ட்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது.

அங்கே சில வார இறுதிகளில் பெற்றோர் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை; நல்ல முயற்சிக்குக் கைதட்டல் கேட்பதைப் பிள்ளைகள் விரும்பவே செய்கிறார்கள். ஜெர்மனியில் சிறுவர் ஆட்டங்களுக்கென வந்த ஃபேர் பிளே லீக் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் நடுவரே கிடையாது, த்ரோ-இன் யாருக்கு என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்கிறார்கள்; இரண்டு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் அருகருகே நிற்கிறார்கள்; பெற்றோர் மைதானத்திலிருந்து சுமார் 15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். இந்தத் தூரம் யாருடைய நல்ல மனத்தையும் நம்பி இருக்கவில்லை, அதனால்தான் பயன் தருகிறது. நாம் இருவரும் கல்லை நட்டு கோல் கம்பமாக்கி ஆடிய நாட்களில், கோலா இல்லையா என்று நாமேதானே சண்டையிட்டுத் தீர்த்துக்கொண்டோம்? நம்மைப் பார்க்க எந்தப் பெரியவரும் வந்ததில்லை.

கத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தம் பிள்ளை எல்லோர் முன்பும் தோற்றுவிடுமோ என்ற பயம்தான் பெரும்பாலும் அப்படிக் குரலாக வெளிவருகிறது, என்னுடையதும் அதுதான். அந்தப் பயம் திரும்பும் வழியில் காருக்குள்ளும் தொடர்ந்தது. ஏன் அங்கே அடிக்கவில்லை, ஏன் இங்கே நின்றாய் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வருவேன், அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இப்போது தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வண்டி ஓட்டுகிறேன். மூன்றாவது வாரம் அவனாகவே பேச ஆரம்பித்தான். பேசியது முழுவதும் எதிரணி கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்ததைப் பற்றித்தான்.

உன் மகளும் ஓரத்தில் ஆடுகிறவள் என்பதால் ஒரு பாதியில் உன் அருகேயும் மறு பாதியில் தொலைவிலும் இருப்பாள். அடுத்த ஆட்டத்தில் இரண்டு பாதியிலும் அவள் பந்தை வாங்கியதும் என்ன செய்கிறாள், எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்