கட்டுரைப் பரிசுக் குழுவினருக்கு: ஆலையில் ஓடியதா என்று கேளுங்கள்

சேலம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பரிசு தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

கட்டுப்பாட்டுப் பொறியியலில் சிறந்தது என்று ஒரு கட்டுரையை அறிவிக்கும்போது, அடுத்த ஆண்டு மாணவர்கள் எதைச் செய்யப்போகிறார்கள் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். உண்மையான கருவியில் ஓட்டிப் பார்த்த வேலைக்கு முதலிடம் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நம் ஊர் இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவர்களுக்குக் கூம்புத் தொட்டியில் நீர்மட்டத்தை நிலைநிறுத்தும் சிக்கல் மிகப் பழக்கமானது. நல்ல கணக்குதான். மட்டம் ஏற ஏறத் தொட்டி அகலமாகிக்கொண்டே போவதால், கீழே சரியாக வேலை செய்யும் டியூனிங் (கன்ட்ரோலரில், அதாவது கட்டுப்படுத்தும் கருவியில், வைக்கும் எண்கள்) மேலே மந்தமாகிவிடும். ஆனால் பல கட்டுரைகள் கணினி சிமுலேஷனோடு நின்றுவிடுகின்றன. புதிய முறையை, 1942-இல் ஜீக்லரும் நிக்கோல்ஸும் தந்த டியூனிங் விதியோடு ஒப்பிட்டு, ஓவர்ஷூட் (இலக்கைத் தாண்டி எகிறுவது) குறைந்தது என்று முடிக்கிறார்கள். அந்த விதியின் இலக்கே, ஒவ்வோர் அலையும் முந்தைய அலையில் கால்வாசியாகத் தணிய வேண்டும் என்பதுதான். ஓவர்ஷூட் அதில் இருக்கத்தான் செய்யும். அதை வெல்வது பெரிய காரியம் இல்லை. ஆலைகளில் வழக்கமான கன்ட்ரோலரான பி.ஐ.டி.யை நன்றாக டியூன் செய்து, அதோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

சாதாரண சிமுலேஷனில் வால்வு ஒட்டிக்கொள்வதில்லை. ஆலையில், தண்டைச் சுற்றிய பேக்கிங் (கசிவடைப்பு) இறுகிய வால்வு, சிக்னல் ஓரளவு மாறும்வரை அசையாது. அசைந்தால் ஒரேயடியாகத் தாவும். லூப் (அளந்து பார்த்து வால்வைத் திருத்தும் சுற்று) ஆடத் தொடங்கிவிடும். வால்வு முழுதும் திறந்த பிறகும் பிழை தீராவிட்டால், பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் இன்டெக்ரல் பகுதி ஏறிக்கொண்டே போகும், இறங்க நேரம் பிடிக்கும். ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு லூப்பை மேனுவலில் போட்டுவிடுவார். இதையெல்லாம் தாண்டி ஆட்டோவிலேயே நின்ற ஒரு வேலை, கணக்கு எளிமையாக இருந்தாலும், பரிசுக்கு உரியது.

கோட்பாட்டுக் கட்டுரைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றுக்குத் தனிப் பரிசு வையுங்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ.யின் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சொசைட்டி அப்படித்தான் செய்கிறது. கோட்பாட்டுக்கு முக்கியத்துவம் தரும் அதன் தானியங்கிக் கட்டுப்பாட்டு ஆய்விதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு ஜார்ஜ் ஆக்சல்பி பெயரில் ஒரு விருது. அதன் கட்டுப்பாட்டு அமைப்புகளின் தொழில்நுட்ப ஆய்விதழுக்கு வேறொரு விருது. இரண்டிலும் எழுத்தின் தெளிவும் ஓர் அளவுகோல். வெளியாகிச் சில காலம் ஆன கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதால், மற்றவர்கள் அதைப் படித்து, சோதித்துப் பார்க்க வாய்ப்பு கிடைக்கிறது. அன்றைக்கு மேடையில் காட்டிய ஸ்லைடை மட்டும் பார்த்து அன்று மாலையே பரிசு கொடுத்தால் அது நடக்காது. முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள்.

அப்புறம், ஆய்வுக்குரிய சிக்கல்கள் நம்மைச் சுற்றியே கிடக்கின்றன. உருக்காலையில் தகட்டின் கனத்தை அளக்கும் கருவி, உருளைகளைத் தாண்டி இருக்கிறது. அளவு தெரியவருவதற்குள் தகடு நகர்ந்துவிடும். இந்தத் தாமதத்தைச் சமாளிக்க ஆட்டோ ஸ்மித் 1957-இல் வழி சொன்னார். தகட்டின் வேகம் மாறும்போது தாமதமும் மாறுவதால் இன்னும் செய்ய வேலை இருக்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில், நீராவி தேவை திடீரென ஏறினால் பாய்லர் டிரம்மில் அழுத்தம் குறைந்து குமிழிகள் உப்பும். உள்ளே தண்ணீர் குறையும்போதே மட்டம் ஏறியதாகக் காட்டும். அதை நம்பித் தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து. ஜவ்வரிசி ஆலைகளில் மணியின் ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்த மலிவான ஒரு கன்ட்ரோலர் செய்துகாட்டும் மாணவரையும் நீங்கள் தேடிப்பிடிக்க வேண்டும்.

நடுவர்களில் ஒருவராவது ஆலையில் லூப் டியூன் செய்தவராக இருக்கட்டும். பரிசு பெற்ற கட்டுரை ஏன் தேர்வானது என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். பரிசு கிடைக்காதவர்களுக்கும் எது குறைந்தது என்று நாலு வரி அனுப்புங்கள். இந்த விதிகள் அடுத்த அறிவிப்பிலேயே இடம்பெற்றால், மாணவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பை முடிவு செய்யும் முன்பே அவற்றைப் பார்த்துவிடுவார்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஓர் இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளர்