சப்பாத்து தைச்ச ஷெர்மனையும் பிள்ளைகள் படிக்கோணும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

களுவாஞ்சிகுடியில இருந்து எழுதுறன். மகள் ஏ.எல்ல அரசியல் விஞ்ஞானம் படிக்கிறா, ராவு அவட கொப்பியப் புரட்டிப் பாத்தன், அமெரிக்க அரசியல் யாப்பு எண்டா வாஷிங்டன், மடிசன் தான், அத உருவாக்கின தலைவர்களில ஒருத்தரான ரோஜர் ஷெர்மன்ட பேர் ஒரு வரியிலயும் இல்ல, மனசு கேக்கல. சப்பாத்து தைச்ச மனுசன் ஐயா, தானா சட்டம் படிச்சு 1754இல வக்கீலானவர். பிரித்தானியாவோட வியாபாரத்த நிப்பாட்டுறதுக்கு குடியேற்றங்கள் செய்த 1774 சங்க உடன்படிக்கை, 1776 சுதந்திரப் பிரகடனம், அமெரிக்காட முதல் யாப்பான கூட்டமைப்புச் சாசனம், 1787 யாப்பு, நாலிலயும் கையெழுத்து வைச்ச ஒரே ஆள். சட்டசபையில ஆருக்கு எத்தின ஆசனம் எண்டு பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் இழுபறிப்பட்டு நிக்கக்குள்ள, கீழ்சபைக்கு சனத்தொகைப்படி, மேல்சபையில எல்லாருக்கும் சமமா எண்டு வழி சொன்னதும் இவர்தான். சிறுபான்மையா இருக்கிற எங்கட பிள்ளைகள் இதக் கட்டாயம் படிக்கோணும். மாணவர் பக்கத்தில இவரப் பத்தி ஒரு கட்டுரை போடுங்க ஐயா.

ஒரு தகப்பன், களுவாஞ்சிகுடி