வெறுங்கையோடு கோயிலுக்குப் போகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவத் திருநாள்கள் பற்றிய கட்டுரையில், கத்தோலிக்கர்களுக்கு பைபிளைவிட ஜெபமாலைதான் பெரிது என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. வேலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பங்கள் அதிகம். ஞாயிறு காலையில் அவர்கள் பைபிளும் கையுமாகக் கிளம்புவார்கள். ரோமன் கத்தோலிக்கர்களான (ஆர்.சி.) நாங்கள் வெறுங்கையோடு கோயிலுக்குப் போவோம். 'ஆர்.சி.காரங்க பைபிளே தொட மாட்டாங்க' என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோயிலில் எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். ஞாயிறு பூசையில் முதல் வாசகம் பெரும்பாலும் பழைய ஏற்பாடு, பிறகு பதிலுரைப் பாடலாக ஒரு திருப்பாடல், இரண்டாவதாகத் திருமுகம் (திருத்தூதர்கள் எழுதிய கடிதம்), அப்புறம் எல்லோரும் எழுந்து நிற்க நற்செய்தி. ஓராண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, அதற்கடுத்து லூக்கா என்று மூன்றாண்டுச் சுற்று. யோவான் இடையிடையே வருவார். நானும் முறை வைத்து வாசிக்கிறவள்தான். எபிரேயப் பெயர்கள் வரும் வாரங்களில் சனிக்கிழமை இரவே நாக்கைப் பழக்க வேண்டியிருக்கும்.

ஜெபமாலையில் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே'யின் முன்பாதியும் லூக்கா முதல் அதிகாரத்திலிருந்து வந்ததுதான். வானதூதரின் வாழ்த்து, எலிசபெத்தின் வாழ்த்து.

சரி, பைபிளில் அவர்கள் சொல்வதுபோல் 66 புத்தகமா, எங்களிடம் இருப்பதுபோல் 73 புத்தகமா? கூடுதலாக உள்ள ஏழு நூல்களை நாங்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்டோம் என்பார்கள். கி.பி. 397-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் பட்டியலிலேயே அவை இருக்கின்றன. 1611-இல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளில்கூட அவற்றைத் தனிப் பகுதியாக அச்சிட்டிருந்தார்கள். கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காக ஏன் ஜெபிக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூலும் அந்த ஏழில் ஒன்று. அவர்கள் பைபிளில் அது இல்லை, பிறகு வாக்குவாதம் எப்படி முடியும்?

எங்கள் பக்கமும் குறை உண்டு. அதிகாரம், வசன எண் கேட்டால் எங்களில் பலர் விழிப்போம். விசுவாசிகள் எல்லோருக்கும் விவிலியம் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று 1965-இலேயே எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. ஆனாலும் கல்யாணத்துக்கு வந்த திருவிவிலியம் உறை பிரியாமல் ஷோகேஸில் இருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுப் பிரதி இப்போது எதிர்வீட்டு சி.எஸ்.ஐ. அக்காவிடம் இருக்கிறது. அந்த ஏழில் ஒன்றான தோபித்து நூலின் கதையில் பயணத்துக்குக் கூடவே ஒரு நாயும் போகிறது என்று சொன்னேன், படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். இரண்டு மாதமாகிறது.

வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.