லாரிக்குப் போவதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதை அம்மா என்னிடம் திங்கட்கிழமை சாயங்காலம்தான் சொன்னாள். ஒரு நாள் முழுக்க மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஹெவி லைசென்ஸ் எடுத்து, டெல்லி லைனில் ஓட்டப் போகிறாய் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கோபம் இறங்கிவிட்டது, எழுதுகிறேன்.

உனக்கு 27 வயது. ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாகவே வைத்திருக்கிறார்கள், நிரந்தரம் செய்யவில்லை என்ற உன் மனக்குறை எனக்குத் தெரியும். இந்த வீட்டைக் கட்டியது லாரிக் காசு. உன் டிப்ளமோவுக்குப் பணம் கட்டியதும் லாரிக் காசு. அந்தத் தொழிலைத் தாழ்த்திப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் 1990 முதல் 2021 வரை ஸ்டீயரிங் பிடித்தவன் நான். நீ எதற்குத் தலையாட்டப் போகிறாய் என்பதை முன்கூட்டியே உனக்குச் சொல்லாவிட்டால் அப்பாவாக இருந்து என்ன பயன்?

நேற்று பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி என் டிரிப் நோட்டுகளை எடுத்தேன். டீசல், டோல், பேட்டா (டிரைவருக்கான தினப்படி) என்று கணக்கு எழுதிய நீள நோட்டுகள். 2014 ஜனவரி மாத டெல்லி டிரிப்பை மட்டும் உனக்காகக் கூட்டிப் பார்த்தேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிய டிரிப் அது. வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வர 19 நாள். இங்கிருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். போக ஐந்து நாள், வர ஐந்து நாள். ஆக, சக்கரம் சுழன்றது பத்து நாள்தான். மீதி ஒன்பது நாள் எங்கே போனது என்று பார். சேலத்தில் லோடு ஏற ஒரு நாள். டெல்லிக்குள் பகலில் பெரிய லாரி நுழையத் தடை. இரவில் நுழைந்து, குடோன் வாசலில் வரிசையில் நின்று, சரக்கை இறக்கி முடிக்க இரண்டு நாள். ரிட்டர்ன் லோடுக்காகப் புரோக்கர் ஆபீஸ் பெஞ்சில் நான்கு நாள். ஆக்ராவில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு தெரியாத அளவுக்குப் பனி. ஓரம் கட்டி ஒரு நாள். ஊர் வந்து இறக்க ஒரு நாள்.

நின்ற நாளுக்கு எங்கள் முதலாளி பேட்டா தரமாட்டார். சோறும் குளியலும் கைக்காசில். குளிக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். வண்டியை விட்டு நகரவும் முடியாது. தார்ப்பாயை அறுத்துச் சரக்கை எடுப்பவன் இருக்கிறான், டீசல் டேங்கில் குழாய் விடுபவன் இருக்கிறான். ஊரில் எல்லோரும் என்னிடம் இத்தனை தூரம் எப்படி ஓட்டினாய் என்றுதான் கேட்பார்கள். அத்தனை நாள் எப்படி நின்றாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். நீயோ ஆண்டகளூர் கேட்டில் பஸ் வரவில்லை என்று ராசிபுரம் வரைக்கும் நடந்தே போனவன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கண்ணு. ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது வேறு சுபாவம்.

அடுத்து எழுதுவதை இதுவரை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. 2009-ல் நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றினேன். அழுகும் சரக்கு. மூன்றாம் நாள் விடிவதற்குள் சேர்த்தால் 1,500 ரூபாய் கூடுதலாகத் தருவதாகப் புரோக்கர் சொன்னார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அந்த மாதம் பணமுடை. அதிலாபாத்தில் டீ குடித்தேன், முகத்தில் தண்ணீர் அடித்தேன், நிர்மல் மலைப்பாதையும் இறங்கிவிட்டேன். மலைப்பாதையில் தூக்கம் வராது, உடம்பு விறைப்பாக இருக்கும். நேர் ரோடு வந்ததும்தான் அது வந்து அமுக்கும். அதிகாலை மூன்றரை மணி இருக்கும். என் கண் மூடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ரோடு தெரிந்துகொண்டே இருந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்தேன். ஒரு புளியமரத்துக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. அந்த மரத்தின் பக்கம், என் இடது கைப் பக்கத்தில், கிளீனர் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். 19 வயது. நான் இறங்கிப்போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன். கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த 1,500 ரூபாயையும் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் வண்டியிலும் இரண்டாவது டிரைவர் இருந்தார், காகிதத்தில் மட்டும். 2018-ல் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. நீண்ட தூர வண்டிக்கு அனுமதி வாங்கினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. டெல்லி லைனில் அந்தப் பத்து மணி நேரத்தை யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. எண்ண வேண்டியவன் நீதான். "எனக்குத் தூக்கம் வருகிறது, இனி ஓட்டமாட்டேன்" என்று முதலாளியிடம் போனில் சொல்லத் தைரியம் உண்டா உனக்கு? எனக்கு அந்தத் தைரியம் வர 19 வருடமும் ஒரு புளியமரமும் தேவைப்பட்டன.

தொப்பூர் கணவாயை நீ காரில் பார்த்திருக்கிறாய். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் போகாதே என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இருந்தும் ஏன் போகிறார்கள்? டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்காகக் கொடுப்பார்கள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, குறைந்தால் அவன் பேட்டாவில் பிடித்தம். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் இரண்டு லிட்டர் மிஞ்சும் என்று ஆசை. கியர் விலகியதும் இன்ஜின் பிடிமானம் போய்விடும். முழு லோடையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடேறி லைனிங் பிடிக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்று காற்றழுத்தம் இறங்கும். அப்புறம் முன்னால் போகும் கார்தான் தடுப்புச் சுவர். ஆகவே வேலை கேட்டுப் போகும் இடத்தில் சம்பளத்துக்கு முன்னால் டீசல் கணக்கு எப்படி என்று கேள். அந்தப் பதிலிலேயே முதலாளியின் குணம் தெரிந்துவிடும்.

அதோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேட்டுக்கொள். ஒப்பந்தம் என்றாலும் உனக்கு இப்போது அவை இருக்கின்றன. எனக்கு 31 வருடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. சர்க்கரையும் இடுப்பு வலியும்தான் சேமிப்பு. சிறுநீரை அடக்கி அடக்கி இரண்டு முறை கல் வந்து நான் துடித்தது உனக்கும் நினைவிருக்கும்.

இன்னொன்றையும் அப்பா மகன் என்று கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன். 1990-களில் நம் நாமக்கல் பக்கம் எய்ட்ஸ் எத்தனை டிரைவர் வீடுகளுக்குள் நுழைந்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். என்னோடு ஓட்டிய இருவரின் பாடைக்குத் தோள் கொடுத்திருக்கிறேன். ஒரு தவறும் செய்யாத அவர்கள் மனைவிகளும் அதைச் சுமந்தார்கள். மாதக்கணக்கில் தனியாக இருப்பவனின் மனம் எப்படி அலையும் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போது டிரைவர் என்றால் பெண் வீட்டார் யோசிப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். அம்மாவின் கவலையில் பாதி அதுதான்.

இப்போது வசதி கூடியிருப்பது உண்மை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்களில் விடிய விடியக் கிடப்பது போனது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்றாகிவிட்டது. மே மாதம் நாக்பூரைப் பகலில் கடந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நல்லதையும் மறைக்கக் கூடாது. கர்நூலில் துங்கபத்திரை, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, அப்புறம் கோதாவரி, நர்மதை, சம்பல், ஆக்ராவில் யமுனை. ஒரே ரோட்டில் இத்தனை ஆறுகளைக் கடந்து போவேன். ஒவ்வொரு பாலத்திலும் உன்னையும் அம்மாவையும் நினைத்து ஒரு கும்பிடு போடுவேன். நாக்பூர் தாண்டிப் பெஞ்ச் என்ற காட்டில் புலியும் மானும் கீழே கடந்து போகட்டும் என்று ரோட்டையே மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். விடியற்காலையில் அதன் மேல் போகும்போது ஜன்னலை இறக்கிவிட்டுக் கொள்வேன். காட்டு வாசனை கேபினுக்குள் வரும். 28 டன் வண்டி கையில் பசு போல அடங்கிப் போகும். அந்த நேரத்தில் இந்த உலகத்தில் யாரோடும் என் வாழ்க்கையை நான் மாற்றிக்கொண்டிருக்கமாட்டேன். உனக்கும் அந்த ஆசைதான் என்றால் எனக்குப் புரியும். என் ரத்தம்தானே.

அதனால் ஒன்று செய். ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதே. உனக்கு மீதம் இருக்கும் லீவையும், போதாததற்குச் சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்து மூன்று வாரம் எடு. என்னோடு ஓட்டியவர் ஒருவர் இன்னும் டெல்லி லைனில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் 12-ஆம் தேதி வாக்கில் லோடு ஏறும். அவர் முதலாளியிடம் பேசிவிட்டேன். கிளீனராகக் கூடப் போய் வா. ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, உன்னிடம் லைட் லைசென்ஸ்தான் இருக்கிறது. கயிறு கட்டு, தார்ப்பாய் இழு, டயர் தட்டிப் பார், குடோன் வாசலில் நில். நான் ஒரு புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஓடிய மணி, நின்ற மணி, தூங்கிய மணி என்று மூன்று கோடு போட்டுத் தினமும் எழுது. திரும்பி வந்ததும் என் 2014 நோட்டையும் உன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்து பேசுவோம். அதற்குப் பிறகும் நீ போகிறேன் என்றால், பயிற்சிப் பள்ளிக்குப் பணம் நான் கட்டுகிறேன்.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் பழைய கம்பளியை எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறாள். லீவு கிடைத்ததும் போன் செய்.

அன்புடன்,
அப்பா