அம்மாவுக்கு பென்சன் வந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி

வணக்கம். அம்மாவின் கணக்கில் குடும்ப ஓய்வூதியம் ஏறிவிட்டது, நிலுவையும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், யாரையாவது விட்டுவிடுவேனோ என்று தோன்றியதால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

அப்பாவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சீனப் போர் முடிந்த மறு வருஷம், 1963-ல், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். 1981-ல் ஹவில்தாராக வெளியே வந்தார், அப்புறம் நிலம், மாடு, கிணறு. எங்கள் வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற ஊர் உண்டு. அங்கே எந்தப் படிவம், எங்கே கொடுக்க வேண்டும் என்பதை டீக்கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பட்டாளத்தார் என்றால் அப்பா ஒருத்தர்தான், அவரும் போன பிறகு யாரிடம் கேட்பது?

அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டில் அம்மாவின் பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரி இல்லை. கல்யாணமான புதிதில் அப்பா வாயால் சொன்னதை, தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. அப்பா இருந்தவரை அதை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. ஒரு கவுண்டரில், அம்மாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டே, "இவங்கதான் அவரு சம்சாரம்னு நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

முதல் நன்றி பக்கத்து ஊர் சுபேதார் ஐயாவுக்கு. யாரோ சொல்லித்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மறுநாளே அவர் தன் டிவிஎஸ் ஃபிப்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை, ஓரம் செல்லரித்த கல்யாணப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பி, நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டிய கடிதத்தை அங்கேயே கையால் எழுதினார். பிறந்த தேதியை இப்போதே ஏற்றிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் அவர்தான். எண்பது முடிந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், எண்பத்தைந்தில் அது 30 ஆகும், ஆனால் ரெக்கார்டில் தேதி இல்லாவிட்டால் அந்த வயது வந்ததே யாருக்கும் தெரியாது என்றார். பெட்ரோலுக்குக்கூட காசு வாங்கவில்லை. அம்மா கொடுத்த புளியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சான்று வாங்க அலைந்தபோது வழி சொன்ன கிராம நிர்வாக அலுவலர், பிரமாணப் பத்திரத்துக்குக் கட்டணம் வேண்டாம் என்ற வக்கீல் தம்பி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டையும் நெட்டையுமாக நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன அந்த அம்மா, எல்லோருக்கும் நன்றி. இ-சேவை மையத்துப் பெண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். களை எடுத்து எடுத்து அம்மாவின் விரல் ரேகை தேய்ந்து போயிருக்கிறது, மெஷின் எடுக்கவே இல்லை. "பாட்டி, கையை விடுங்க, என் போனைப் பாத்து ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க" என்று முகத்தை வைத்தே முடித்துவிட்டாள். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தது எனக்கு மறக்காது.

அந்தப் பெட்டியில் அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர்களும் இருந்தன. எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி 56 ஏபிஓ, அதாவது ராணுவத் தபால் நிலையம். அவர் இருப்பது காஷ்மீரா, பஞ்சாபா, அப்போது வீட்டில் ஒன்றும் தெரியாது. 1971 டிசம்பரில் நான் அம்மா வயிற்றில். 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி ரேடியோவில் வந்ததும் ஊரில் வெல்லம் பங்கு போட்டார்களாம், சண்டை முடிந்தது என்று அம்மாவும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். ஆனால் மேற்கு எல்லையில் மறுநாள் இரவு எட்டு மணிக்குத்தான் போர் நின்றது. அப்பா அந்த நேரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 16-ஆவது பட்டாலியனோடு அந்த எல்லையில் ஓடும் பசந்தர் ஆற்றைத் தாண்டி, கண்ணிவெடி புதைத்த வயல்களுக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று கடிதம் வந்தது பொங்கலுக்கு அப்புறம்தான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து, அவள் கேட்கக் கேட்கத் திரும்பத் திரும்ப வாசித்தவர் தபால்காரத் தாத்தா. அந்த மாதங்களில் எங்கள் நெல்லையும் சேர்த்து அறுத்துப் போட்டவர் பெரியப்பா, ராத்திரித் துணைக்குப் படுத்தவள் எதிர்வீட்டு அத்தை. பட்டாளத்துக்குப் போனது அப்பா, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டது இவர்கள். தாத்தாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை, அவர்கள் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். அத்தை, உங்களுக்குப் பேத்தி வாசித்துக் காட்டுவாள், நீங்கள் வழக்கம்போல் திட்டலாம்.

பட்டாளத்துக்காரர் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பா இருக்கும்போதே பிபிஓவில் அம்மா பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தை மாதம் அப்பாவுக்கு வருஷத் திதி. இங்கே சொன்ன அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து சாப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். தேதி பார்த்ததும் நானே நேரில் வந்து சொல்கிறேன். சுபேதார் ஐயா, நீங்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள்.