எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர்களுக்கு நன்றி

எங்கள் கோவில் பங்கில் ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், பாதருக்கும், கான்வென்ட் சிஸ்டர்மார்களுக்கும், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தாருக்கும் பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து உங்கள் தங்கை எழுதிக்கொள்வது.

பூசை முடிந்ததும் மைக்கில் இரண்டு வார்த்தை நன்றி சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். எந்தக் குடும்பத்துக்கு உதவி போகிறது என்பது சபைக் கூட்டத்தைத் தாண்டி வெளியே வரக் கூடாது என்பது உங்கள் வழக்கம். அந்த வழக்கம்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது, அதை மதிக்கிறேன். ஆனாலும் நன்றியை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால் உங்கள் பெயரையும் எழுதாமல், என் பெயரையும் எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நிம்ஹான்ஸ் நரம்பியல் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் முதல் கும்பிடு. ஆஸ்பத்திரியில் இருந்தவரை பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து கொஞ்ச நாள் ஆனதும் ஆள் வரத்து நின்றுபோனது. யாரையும் குறை சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு. அப்போதுதான் நீங்கள் வர ஆரம்பித்தீர்கள்.

எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவீர்கள். ஒருவர் பி.எம்.டி.சி.யில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர், இன்னொருவர் ஸ்கூல் டீச்சர் அக்கா. வந்ததும் நேராக அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவீர்கள். என்னிடம் வீட்டு நிலவரம் கேட்பதெல்லாம் அப்புறம்தான். வாய் பேச முடியாத மனுஷனை வைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலேயே என்னிடம் பேசுகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை. ஐ.டி.சி. பாலத்தில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது, ஹென்னூர் ரோட்டில் எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கேஸ் பங்க்கில் வரிசை எப்படி என்று பெரியவர் அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆட்டோக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேவ் செய்துவிடச் சொல்லி இடது கையால் கன்னத்தைத் தடவிக் காட்டுவார். நீங்கள் வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுவந்தீர்கள். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸில் ஒரு பங்கு கட்டினீர்கள். அதெல்லாம் பெரிய உதவி. ஆனால் எங்களைத் தூக்கி நிறுத்தியது நீங்கள் எங்களுக்காக நடந்த நடை. எங்கள் ரேஷன் கார்டு இறந்துபோன மாமியாரின் பெயரில் கிடந்தது. கர்நாடகத்தில் கிருஹலட்சுமி திட்டத்தில் மாதம் 2000 ரூபாய் வர வேண்டுமானால் கார்டில் குடும்பத் தலைவியாக நான் இருக்க வேண்டும். மாமியாரின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லி, அவர் பெயரை நீக்கி என் பெயரைத் தலைவியாக மாற்றும்வரை பெரியவர் விடவில்லை. என் வீட்டுக்காரருக்கு யூ.டி.ஐ.டி. என்ற ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கவும் அவர்தான் கூட வந்தார். ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக அரசு டாக்டர்கள் சான்று தந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. கன்னடத்தில் பேசத் தெரிந்த எனக்கு எழுதத் தெரியாது. டீச்சர் அக்கா எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபாரமாக நிரப்பிக் கொடுத்தார்கள்.

ஆட்டோவை விற்றுவிடலாம் என்று இருந்தோம். லோன் பாக்கி இருந்தது. "விற்காதேம்மா, வாடகைக்கு விடு" என்று நம்பிக்கையான ஒரு டிரைவரைப் பிடித்துக் கொடுத்ததும் சபைதான். இன்று லோன் அந்த வாடகையில் அடைகிறது.

கான்வென்ட்டில் நர்ஸாக இருக்கும் சிஸ்டரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படி என்று யாரும் காட்டவில்லை. என்னைவிட ஒன்றரை மடங்கு எடை அவர். சிஸ்டர் பாயை விரித்து, தானே அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "என்னைப் புரட்டு பார்ப்போம்" என்றார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "கையைப் பிடித்து இழுக்காதே. முழங்காலை மடக்கு. இடுப்பிலும் தோளிலும் கை கொடு. இப்போ உன் பக்கமா உருட்டு." நான்கைந்து தடவை சிஸ்டரை உருட்டிப் பழகிய பிறகுதான் அவரைத் தொட விட்டார்கள். குதிகால் மெத்தையில் படாமல் கணுக்காலுக்கு அடியில் தலையணை வைப்பது, நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்டுவது, வெறும் தண்ணீர் புரையேறினால் கஞ்சிப் பதத்தில் கெட்டியாக்கித் தருவது, எல்லாம் அவர்கள் கற்றுக்கொடுத்தது. காற்றுப் படுக்கையும் சக்கர நாற்காலியும் சபையில் இரவல் தந்தீர்கள். அவர் முதுகில் இன்றுவரை ஒரு புண் இல்லை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்புறம் அந்த அக்டோபர் மாதம். செபமாலை மாதம் என்பதால் அன்பியத்தார் வீடு வீடாக வந்துகொண்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு முறை வந்தபோது உள்ளே இடம் போதாமல் பாதிப் பேர் படிக்கட்டில் நின்றீர்கள். எல்லாரும் "அருள் நிறைந்த மரியே" செபத்தைப் புது வாசகத்தில் சொல்ல, கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் மட்டும் பழைய வழக்கத்தில் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மாமியார் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே வாசகம்தான். செபமாலையின் இரண்டாவது பத்து மணி ஓடும்போது என் வீட்டுக்காரரின் வாய் அசைந்தது. முதலில் முனகல் என்று நினைத்தேன். மூன்றாவதில் "வேண்டிக்கொள்ளும், ஆமென்" என்று தெளிவாகவே வந்தது. தண்ணீர் என்று கேட்க முடியாதவர், பெற்ற மகளின் பெயரைச் சொல்ல முடியாதவர், அந்த ஆமெனை அழுத்திச் சொன்னார். படிக்கட்டில் நின்றவர்கள் சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். பாட்டி மட்டும் நிறுத்தவில்லை. அவரும் பாட்டியோடு கடைசிவரை போனார்.

அடுத்த தடவை நிம்ஹான்ஸ் போனபோது பேச்சுப் பயிற்சி தரும் மேடத்திடம் சொன்னேன். மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களுக்கும் சின்ன வயதிலிருந்து மனப்பாடமான செபமும் பாட்டும் சில சமயம் தடையில்லாமல் வரும், அதை விடாதீர்கள் என்று சொன்னார்கள். மேடம் சொன்ன காரணமும் உண்மை, அந்தச் செபத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதலும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சண்டை இல்லை. அன்றிலிருந்து பாட்டி வாரம் இரண்டு நாள் வந்து அவரோடு ஐம்பத்து மூன்று மணியும் சொல்கிறார். இப்போது என்னைக் கூப்பிட ஒரு வார்த்தை, பிள்ளைகளைக் கூப்பிட ஒரு வார்த்தை என்று தனியாகவும் வருகிறது.

பாதர் மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் நற்கருணை கொண்டுவருகிறார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்றால் கடைசிக் காலத்துக்கு என்று பயந்துகொண்டிருந்த என் அம்மாவிடம், நோயில் இருக்கிறவருக்குத் திடம் தருவதற்குத்தான் அது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிச் செய்துவைத்தார். சபையின் இளைஞர் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருவதால்தான் நான் பூசைக்கு வருகிறேன். அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் மருந்து கொடுக்க வேண்டாம், யாரையும் தூக்க வேண்டாம். அது எனக்கு எவ்வளவு என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இந்தச் சபை எப்படி வந்தது என்று பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். 1833இல் பாரிஸ் நகரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுப் பையனும் அவனுடைய சில நண்பர்களும் தொடங்கியதாம். ஏழைகளின் வீடு எங்கே இருக்கிறது, உள்ளே எப்படிப் போய்ப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி என்ற கன்னியாஸ்திரி. நமக்கும் வழிகாட்ட ஒரு சிஸ்டர் அமைந்ததை நினைத்துக்கொண்டேன். ஓசானாம் நாற்பது வயதிலேயே நோயில் இறந்துபோனார், 1853 செப்டம்பர் 8ஆம் தேதி. நம் சிவாஜிநகர் மாதா திருவிழா நாள். 1997இல் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி எல்லாரும் அதற்குள் கையை விட்டுப் போடுவார்கள் என்றும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த அரிசி அந்தப் பையிலிருந்து வந்தது. அதில் காய்கறி வண்டி தள்ளுகிறவரின் காசும் இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் உங்களில் ஒருவர். நீங்கள் போய்ப் பார்க்கிற வீடுகளில் கிறிஸ்தவர் அல்லாத வீடுகளும் உண்டு, அங்கே செபம் செய்யட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் செய்வீர்கள் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சபைக்கு வெளியேயும் நன்றி பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவரை நாற்காலியோடு மாடியிலிருந்து தூக்கி இறக்கும் பக்கத்து வீட்டு பாய்க்கும் அவர் தம்பிக்கும். நிம்ஹான்ஸுக்குப் போகும்போது மீட்டர் போடாத ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கு. இரண்டு மாத வாடகை பொறுத்துக்கொண்ட வீட்டுக்கார அம்மாவுக்கு.

சபை வாங்கிக் கொடுத்த தையல் மெஷினில் இப்போது வேலை நன்றாகவே ஓடுகிறது. மாதா திருவிழாவுக்குக் காவி உடை தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. மாதாந்திர ரேஷன் கிட் இனி எங்களுக்கு வேண்டாம் அண்ணா, அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். காற்றுப் படுக்கையையும் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் தந்துவிடுவேன். சக்கர நாற்காலி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு வருஷமும் ஸ்கூல் திறக்கும்போது பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். இனிமேல் துணியாகவே வாங்குங்கள், தையல் கூலி நான் வாங்க மாட்டேன். ஏப்ரல் மாதத்திலேயே அளவு எடுத்துக் கொடுத்துவிட்டால் மே கடைசிக்குள் எல்லாவற்றையும் தைத்து முடித்துவிடுவேன். பெண் பிள்ளைகளின் அளவை டீச்சர் அக்காவே எடுக்கட்டும், வளர்கிற பிள்ளைகள், இரண்டு இஞ்ச் கூடவே வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
லிங்கராஜபுரம், பெங்களூரு.